தாளுக்கும் பாகப்பிரிவினை உண்டு



கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மஹல்லாவில் மாதம் ஒரு முறை நான்கு பக்கச் செய்தி மடல் ஒன்று வெளியிடுகிறார்கள். செலவைப் பள்ளிவாசல் நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. கணினியில் தட்டிப் பக்கம் கட்டும் பொறுப்பு இவருக்கும் இவருடைய மகளுக்கும். பத்திரிகை போலப் பத்தி பத்தியாகப் பிரித்துத் தரும்படி நிர்வாகத்தார் கேட்கிறார்களாம். மூன்று பத்தியாகப் பிரித்தால் வரிகளுக்கிடையே பெரிய பெரிய ஓட்டைகள் விழுகின்றன, தொழுகை நேரங்கள் தாறுமாறாகப் போகின்றன, அரபு எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன என்று சொல்லி, இதற்கெல்லாம் மார்க்கத்தில் ஏதும் வழி உண்டா என்று பாதி கேலியாகவும் பாதி கவலையாகவும் கேட்டிருக்கிறார்.

கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். ஒரு தாளை எப்படிப் பங்கிடுவது என்பதில் தொழில் நுணுக்கமும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் நாட்டில் 'பந்தி' என்றால் வாக்கியங்கள் சேர்ந்த கூட்டம். 'பத்தி' என்றால் பக்கத்தை நெடுக்காகப் பிரித்த கூறு. தமிழ்நாட்டு நூல்களில் இரண்டையுமே பத்தி என்று எழுதுவதுண்டு. இக்கட்டுரையில் பத்தி என்பதெல்லாம் நெடுக்குக் கூறையே குறிக்கும்.

நாலு பக்கத்தின் பெறுமதி

நாலு பக்க மடலுக்கு இத்தனை யோசனை வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவருக்கு அது ஒரு துண்டுத் தாள்தான். வன்னியிலே அப்படியல்ல.

1990 ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் 70,000க்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணை விட்டுப் போனார்கள். பெருந்தொகையினர் புத்தளத்தில் தங்கினார்கள். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். அதே வன்னி மண்ணில் தமிழ் மக்கள் பட்ட இழப்பையும் நாம் மறக்க முடியாது. திரும்பி வந்த நம்மவர்களிலும் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வாப்பா நாச்சிக்குடாவில் கடலுக்குப் போகிறார். மகள் புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். காணி இங்கே, பிள்ளைகளின் பாடசாலை அங்கே.

இப்படிச் சிதறிய ஜமாஅத்தை ஒரு தாள் கட்டிப் பிடிக்கிறது. யார் மௌத்தானார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, பிரதேச செயலகத்தில் காணிக் கச்சேரி எந்த நாள், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்க எந்தப் பத்திரம் வேண்டும் என்பதையெல்லாம் இந்த மடல் சொல்கிறது. ஜும்ஆவுக்குப் பின் செய்யும் அறிவிப்பு ஆண்களின் காதில் விழுகிறது. வீட்டிலுள்ள பெண்களிடம் அது பாதியாகத்தான் வந்து சேருகிறது. எழுத்தில் வருவது மட்டுமே அவர்களுக்கு முழுமையாக எட்டுகிறது.

ஆகவே காணிக் கச்சேரி நாளைச் சொல்லும் அந்த ஒரு வரி எங்கோ மூலையில் பதுங்கிக் கிடந்தால், புத்தளத்திலிருக்கும் ஒரு விதவை அதைக் காணாமல் போகலாம். காணாமல் போனது ஒரு வரி. கைவிட்டுப் போவது அவளுடைய கணவனின் காணி. பக்கம் கட்டுவதில் உள்ள பொறுப்பு இதுதான்.

கிதாபுகளில் உள்ள பத்திகள்

பத்தி பிரிப்பது கணினியோடு வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். அரபுக் கல்லூரியில் ஓதிய எவருக்கும் இது பழகிய காட்சி. பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் 'ஃபத்ஹுல் முயீன்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விளக்கமாக எழுதப்பட்ட 'இஆனத்துத் தாலிபீன்' நூலின் பழைய அச்சுப் பதிப்புகளில் விளக்கம் பக்கத்தின் நடுவிலும் மூலநூல் ஓரத்திலும் ஓடும். ஒரே பக்கத்தில் இரண்டு நூல்கள். எங்கே கோடு, எங்கே இடைவெளி என்று தெரிந்தவருக்குக் குழப்பமே வராது.

மதீனாவிலுள்ள மன்னர் ஃபஹ்த் வளாகம் அச்சிடும் முஸ்ஹஃபைப் பாருங்கள். உஸ்மான் தாஹா அவர்களின் எழுத்தில் 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு முடிகிறது. ஹாஃபிழ்களைக் கேட்டால் இன்ன வசனம் வலப் பக்கத்தில் மேலே, இன்ன வசனம் இடப் பக்கத்தில் கீழே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எழுத்து எங்கே இருக்கிறது என்பதும் மனத்தில் பதிகிறது. மாதா மாதம் ஒரு செய்தி ஒரே இடத்தில் வந்தால் வாசிப்பவர் தேடாமல் அங்கே போய்விடுவார்.

இனி புர்தா ஷரீஃபைத் திறந்து பாருங்கள். அதுவும் இரண்டு பத்தியாகத்தான் அச்சாகியிருக்கும். ஆனால் அதை மேலிருந்து கீழாக ஓதுவதில்லை. வலது பாதி, உடனே இடது பாதி, பிறகு அடுத்த வரி என்று குறுக்காக ஓதுகிறோம். பத்திரிகையிலோ ஒரு பத்தியை அடிவரை வாசித்துவிட்டு அடுத்த பத்தியின் தலைக்குப் போகிறோம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஓடும் திசை வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கணினியில் வரும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழ்நோக்கி ஓடுவதற்குப் பத்தி. குறுக்கே இணைந்து நிற்பதற்கு அட்டவணை.

முதலில் பென்சில், பிறகு கணினி

கணினியைத் திறக்குமுன் ஒரு வெறுந்தாளை எடுத்து நான்காக மடியுங்கள். மடலின் நான்கு பக்கங்களையும் அதில் பென்சிலால் கட்டம் கட்டுங்கள். எந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் என்று அங்கேயே தீர்மானியுங்கள்.

இந்தப் பங்கீட்டில்தான் நீதி வருகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். சூரத்துல் பகராவின் 282வது வசனம். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்றும் அவ்வசனம் பணிக்கிறது. கடன் பத்திரத்துக்குச் சொன்ன அந்த ஒழுக்கம், ஊருக்காக எழுதுகிற எல்லோருக்கும் பாடமாக இருக்கிறது.

சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது அவருடைய கை தட்டெல்லாம் ஓடியது. பிஸ்மி சொல்லி, வலக் கையால், தனக்கு முன்னால் உள்ளதிலிருந்து சாப்பிடும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். செய்தி மடலும் ஒரு சஹன்தான். நிர்வாகத் தலைவரின் வாழ்த்துரையும் படமும் முதற் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, குர்ஆன் மத்ரஸா நேர மாற்றம் நாலாம் பக்கத்து அடியில் ஒதுங்கினால், ஒருவருடைய கை மற்றவருடைய பங்கில் நீண்டுவிட்டது என்று பொருள்.

நான் சொல்லும் பங்கீடு இது. முதற் பக்கத்தில், தேதி தவறினால் நட்டம் வரும் செய்திகள்: காணிக் கச்சேரி, நடமாடும் சேவை, தடுப்பூசி நாள், பாடசாலை அனுமதி. இரண்டாம் பக்கத்தில் ஒரு மார்க்கக் கட்டுரை. மூன்றாம் பக்கம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். அதை எழுதுபவர்களும் அவர்களாகவே இருக்கட்டும். நான்காம் பக்கத்தில் தொழுகை நேரம், ஜனாஸா, பிறப்பு, நிக்காஹ். வாழ்த்துரை வேண்டுமானால் நாலு வரியில் இரண்டாம் பக்கத்தில் அடங்கும். நிர்வாகத்தாரிடம் பென்சில் தாளை முதலிலேயே காட்டிவிடுங்கள். அச்சானபின் வரும் மனஸ்தாபம் தாளிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டா, மூன்றா?

இப்போது சகோதரியின் முதற் கேள்வி. மூன்று பத்தி ஏன் சரிவரவில்லை?

ஏ-4 தாளின் அகலம் 21 சென்றிமீற்றர். இருபுறமும் 2 சென்றிமீற்றர் ஓரம் விட்டால் எழுத்துக்கு 17 சென்றிமீற்றர் மிஞ்சும். நடுவில் 0.8 சென்றிமீற்றர் இடைவெளி விட்டு இரண்டாகப் பிரித்தால் ஒரு பத்திக்கு 8.1 சென்றிமீற்றர். 0.7 சென்றிமீற்றர் இடைவெளிகளோடு மூன்றாகப் பிரித்தால் 5.2 சென்றிமீற்றர்தான். அந்த 5.2 சென்றிமீற்றரில் பதினொரு புள்ளி எழுத்தில் இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களுக்கு மேல் அடங்காது. ஆங்கிலச் சொற்கள் குறுகியவை. அந்த மொழிக்கு மூன்று பத்தி சரிப்படும். தமிழில் 'அறிவித்துக்கொள்கிறோம்' என்ற ஒரு சொல்லே ஒரு வரியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அடுத்த சொல் இடமில்லாமல் கீழே போகும். இருபுறமும் நேராக்கும் கட்டளையையும் கொடுத்திருந்தால், மிஞ்சிய இடத்தைக் கணினி சொற்களுக்கிடையே இழுத்துப் பரப்பும். சகோதரி கண்ட ஓட்டை இதுதான்.

பெரிய பத்திரிகைகள் குறுகிய பத்தியில் சமாளிப்பது, சொல்லை வரி முடிவில் வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோவதால். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோப்பவர் சொல்லை எங்கே வெட்டலாம் என்று கையாலும் கண்ணாலும் அறிந்திருந்தார். 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வெளியிட்ட அறிஞர் சித்தி லெவ்வை அவர்களின் காலத்தில் எழுத்து எழுத்தாகப் பொறுக்கித்தான் பக்கம் கட்டினார்கள். நம் வீட்டுக் கணினி தானாகத் தமிழ்ச் சொல்லைச் சரியான இடத்தில் வெட்டும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே முடிவு எளிது. ஏ-4 தாளில் தமிழுக்கு இரண்டு பத்தி போதும். வரிகளை இடப்புறம் மட்டும் நேராக்குங்கள். வலப்புறம் சற்று ஏறி இறங்கியிருந்தால் குறையில்லை. எழுத்து அளவு பதினொன்றுக்குக் கீழே போக வேண்டாம். வாசிப்பவர்களில் கண் மங்கிய உம்மம்மாக்களும் இருக்கிறார்கள். தாளை மிச்சப்படுத்த எழுத்தைச் சிறிதாக்குவதைவிட, கட்டுரையில் பத்து வரியை வெட்டுவது நன்று.

கணினியில் செய்யும் முறை

மைக்ரோசொப்ட் வேர்ட் இருந்தால் அது போதும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஒபிஸ் ரைட்டரைப் பயன்படுத்தலாம். தரம் 10இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடம் அவர்களுடைய புத்தகத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு உதவி, பிள்ளைக்குப் பரீட்சைப் பயிற்சி.

முதலாவது, செய்தி முழுவதையும் பத்தி பிரிக்காமல் நேராகத் தட்டி, பிழை திருத்தி முடியுங்கள். வீடு கட்டி முடியுமுன் திரைச்சீலை தொங்கவிடுவதில்லை.

இரண்டாவது, மடலின் பெயரையும் மேல் தலைப்பையும் விட்டுவிட்டு, அதற்குக் கீழேயுள்ள செய்தியை மட்டும் தெரிவுசெய்து, லேஅவுட் பட்டியலில் கொலம்ஸ் என்பதைத் தட்டி இரண்டைத் தெரிவுசெய்யுங்கள். ரைட்டரில் இது போர்மட் பட்டியலில் இருக்கும். தெரிவுசெய்த பகுதி மட்டும் இரண்டாகப் பிரியும்; தலைப்பு முழு அகலத்தில் நிற்கும். அந்த இடத்தில் வேர்ட் தானே ஒரு பிரிவு எல்லையைப் போட்டுக்கொள்கிறது. இந்த எல்லை தெரியாததால்தான் பலருக்குத் தலைப்பும் சேர்ந்து பிளந்துபோகிறது.

மூன்றாவது, ஒரு செய்தியை அடுத்த பத்தியின் தலையிலிருந்து தொடங்க வேண்டுமானால் என்டர் விசையைப் பத்துத் தரம் தட்டித் தள்ளாதீர்கள். மேலே ஒரு வரி கூடினால் எல்லாம் சரிந்துவிடும். கொன்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் எழுத்து அடுத்த பத்திக்குத் தாவும். இரண்டு மென்பொருளிலும் இது ஒன்றே.

நான்காவது, இடப் பத்தி நிறைந்து வலப் பத்தி பாதியில் நின்றால், செய்தியின் முடிவில் 'கன்டினியூவஸ்' என்ற பிரிவு எல்லையைப் போடுங்கள். வேர்ட் இரு பத்தியையும் சமமாக்கிவிடும்.

ஐந்தாவது, தலைப்பு ஒரு பத்தியின் அடியிலும் செய்தி அடுத்த பத்தியின் தலையிலுமாகப் பிரிய விடாதீர்கள். பரகிராப் அமைப்பில் 'கீப் வித் நெக்ஸ்ட்' என்பதற்குச் சரியிட்டால் தலைப்பு தன் செய்தியை விட்டுப் போகாது.

ஆறாவது, இடத்தை மிச்சப்படுத்த வரி இடைவெளியை மிகவும் நெருக்காதீர்கள். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. நெருக்கினால் 'கீ' தலை இழந்து 'க' போல நிற்கும்.

அச்சிடும்போது ஏ-3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ-4 பக்கம் கிடைக்கும். வெளிப்புறத்தில் இடப் பக்கம் 4, வலப் பக்கம் 1. உட்புறத்தில் 2, 3. நாம் அரபுக் கிதாபை வலமிருந்து திறந்து பழகியவர்கள். இதில் சற்றுக் கவனம் வேண்டும். போட்டோப் பிரதி எடுக்கும் மடலுக்குச் சாம்பல் நிறப் பின்னணி வேண்டாம். பிரதியில் அழுக்குப் போலத் தெரியும்.

தொழுகை நேரத்துக்கு அட்டவணை

தொழுகை நேரங்களைப் பத்தியில் தட்டி, இடைவெளி விசையால் தள்ளித் தள்ளி நேராக்குவதே தாறுமாறுக்குக் காரணம். புர்தாவின் உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேதியும் ஸுப்ஹும் லுஹரும் குறுக்கே சேர்ந்து நிற்க வேண்டியவை. 'இன்சர்ட்' பட்டியலில் டேபிள் என்பதைத் தெரிவுசெய்து கட்டங்கள் போடுங்கள். கட்டத்தில் இட்ட எண் தன் கட்டத்தை விட்டு நகராது.

இங்கே ஒரு மார்க்க விஷயமும் உண்டு. கிளிநொச்சி புத்தளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே சூரியன் உச்சி சாயும் நேரத்தில் இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ இரண்டு நிமிட வித்தியாசம் வரும். அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா நாட்டைப் பிராந்தியங்களாகப் பிரித்துத் தொழுகை நேரங்களை வெளியிடுகிறது. உங்கள் மடல் இரண்டு ஊரிலும் வாசிக்கப்படுமானால் அவரவர் ஊர் நேரத்தை அந்த வெளியீட்டிலிருந்து எடுத்து, ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுதி இரண்டு அட்டவணையாகப் போடுங்கள். ரமழானில் இது விளையாட்டான விஷயமல்ல. கிளிநொச்சி மஃரிபைப் பார்த்துப் புத்தளத்தில் நோன்பு திறந்துவிடக் கூடாது.

பாமினியும் யுனிகோடும்

நம் நாட்டில் இன்றும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டுகிறார்கள். பழகிய கைக்கு அது இலகு. ஆனால் பாமினியில் நீங்கள் 'உம்மா' என்று தட்டும்போது கணினியின் நினைவில் இருப்பது சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். பாமினி என்ற முகமூடி அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அச்சுக் கடைக் கணினியில் அந்த முகமூடி இல்லாவிட்டால் உம்மா மறைந்து வெறும் ஆங்கிலக் கிறுக்கல் தெரியும். தேடினாலும் கிடைக்காது.

யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குச் சொந்த எண்கள் 1991இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. யுனிகோடில் தட்டிய உம்மா எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் உம்மாதான். பழைய மடல்கள் பாமினியில் இருந்தால் மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தரம் வாசித்துப் பிழை பாருங்கள். எந்த எழுத்துருவானாலும் அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎப் கோப்பாக மாற்றிக் கொடுப்பது பாதுகாப்பு. கட்டிய பக்கம் கட்டியபடியே போய்ச் சேரும்.

அரபு எழுத்தில் பேணுதல்

தமிழ் இடமிருந்து வலம், அரபு வலமிருந்து இடம். ஒரே வரியில் இரண்டையும் கலந்தால் அடைப்புக்குறியும் வசன எண்ணும் இடம் மாறும். குறுகிய பத்தியில் வரி உடையும்போது சொல் வரிசையே பிறழ்ந்து தெரியலாம். சாதாரண எழுத்தில் இது பிழை. அல்லாஹ்வின் வேதத்தில் இது பெரும் பிழை. அரபு மூலத்தை அச்சிடத்தான் வேண்டுமென்றால் தனி வரியில், தனிப் பந்தியாக இடுங்கள். வேர்டில் அரபு மொழியைச் சேர்த்திருந்தால் கொன்ட்ரோலையும் வலப்பக்க ஷிப்டையும் சேர்த்துத் தட்டப் பந்தியின் திசை மாறும். அச்சுக்குப் போகுமுன் ஓதத் தெரிந்த ஒருவர் முஸ்ஹஃபைத் திறந்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

எனது ஆலோசனையோ வேறு. மடல் வாசித்து முடிந்தபின் எங்கே போகிறது என்று யோசியுங்கள். கடையில் பாண் சுற்றுவார்கள், வடை மடிப்பார்கள், குப்பையில் சேரும். ஆகையால் அரபு மூலத்தைத் தவிர்த்து, சூராவின் பெயரையும் வசன எண்ணையும் கொடுத்து, கருத்தைத் தமிழில் எழுதுவது பேணுதலானது. வாசிக்கும் சகோதரி எழுந்துபோய் முஸ்ஹஃபைத் திறந்து பார்ப்பாளானால் அதைவிட நன்மை என்ன?

இடம் இருந்தாலும் போடக் கூடாதவை

பத்தியின் அடியில் இரண்டு அங்குலம் காலியாக நிற்கும்போதுதான் சோதனை வரும். எதையாவது போட்டு நிரப்பு என்று கை துறுதுறுக்கும். ஊரில் காதில் விழுந்ததைப் போட்டு நிரப்பக் கூடாது. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத் 6வது வசனம் கட்டளையிடுகிறது. பேசிய சொல் காற்றோடு போகலாம். அச்சில் ஏறியது வீடு வீடாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஸகாத் பெற்ற குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் வேண்டாம். எத்தனை குடும்பம், எவ்வளவு தொகை என்று கணக்குப் போடுங்கள். கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டியது. முகம் தெரிய வேண்டியதில்லை. குமருப் பிள்ளைகளின் விபரம், பெண்களின் தொலைபேசி எண், இத்தாவிலிருக்கும் சகோதரியின் வீட்டு அடையாளம் ஆகியவையும் வேண்டாம். உதவ விரும்புவோர் பள்ளிவாசலைத் தொடர்புகொள்ளட்டும் என்ற ஒரு வரி போதும். மிஞ்சிய இடத்தை வெறுமையாகவே விடுங்கள். கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்.

தேதி போட மறக்காதீர்கள்

மடலின் பெயருக்குக் கீழே இதழ் எண், ஆங்கில மாதம், ஆண்டு, ஹிஜ்ரி மாதம், ஆண்டு, ஊர்ப் பெயர் இத்தனையும் ஒரே வரியில் ஒவ்வொரு மாதமும் வர வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 1990இல் வெளியேறிய மக்களில் எத்தனையோ பேர், தாங்கள் இன்ன ஊரில் இன்ன காணியில் வாழ்ந்தோம் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் பிற்காலத்தில் அலைந்தார்கள். இன்று நீங்கள் அச்சிடும் பிறப்புச் செய்தியும் ஜனாஸாச் செய்தியும் முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பேரப்பிள்ளைக்குத் தன் ஊரைக் காட்டும் சாட்சியாகலாம். தேதியில்லாத சாட்சி பாதிச் சாட்சி.

தாளின் தரத்தை எண்ணிக் கூச வேண்டாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகைத் தாள் கிடைக்காமல் யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழ் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சானது. அன்று அதை வாசித்தவர்கள் கோட்டைப் பார்க்கவில்லை, செய்தியைத்தான் பார்த்தார்கள்.

ஒவ்வொரு மாத மடலிலும் நான்கு பிரதிகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஒன்று பள்ளிவாசல் அலுமாரிக்கு, ஒன்று ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று புத்தளத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு. நான்காவதை, 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எழுத்துகளை மின்வடிவில் சேர்த்து வரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும்.

எழுதத் தெரிந்த கைகளை அல்லாஹ் நீதியில் நிலைக்கச் செய்வானாக. சிதறிய குடும்பங்களை அவன் ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.